இருவர் திறக்கும் கதவு

கணினி விளையாட்டு என்றதும் ஐம்பதைக் கடந்த நம்மவர் பலர் முகம் சுளிப்பர். பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது என்பது அவர்களது தீர்ப்பு. மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நான், ஞாயிறு காலைகளில் புதிர் விளையாட்டொன்றில் மூழ்கிக் கிடப்பதை அறிந்தால் என்ன சொல்வார்களோ!

வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2011 ஏப்ரலில் வெளியிட்ட 'போர்ட்டல் 2' தான் அந்த விளையாட்டு. கையிலுள்ள கருவியால் சுவர்களில் இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றினுள் நுழைந்தால் மற்றதால் வெளியே வரலாம். உயரத்திலிருந்து ஒன்றினுள் விழுந்தால், விழுந்த வேகத்துடனேயே மற்றதிலிருந்து வீசப்படுவோம். இந்த விதியைத் துணைகொண்டு அறை அறையாக வெளியேற வேண்டும்.

தனியே ஆடும்போது நாம் செல் என்ற பெண். அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அது பொருத்தமே. நெடுநேரம் ஒரு சுவரையே வெறித்திருப்போம்; திடீரென விடை தோன்றும். எவ்வாறு தோன்றியது என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இருவர் ஆடுவதற்கென வேறு கதையும் வேறு அறைகளும் உள்ளன. அட்லஸ், பி-பொடி என்று இரண்டு இயந்திர மனிதர்கள். ஆளுக்கு இரண்டாக நான்கு வாசல்கள். ஒருவர் பொத்தானை மிதித்து நின்றால்தான் மற்றவர் கதவைக் கடக்கலாம் என்பது போன்ற புதிர்கள்.

என் கூட்டாளி றொறன்ரோவில் இருக்கிறான். ஒரே ஒழுங்கையில் வளர்ந்து, ஒரே கலைப்பீடத்தில் படித்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை ஒன்றாகவே நடந்து கடந்தோம். பின்னர் அவன் கனடா சென்றான். ஆண்டுகள் செல்லச் செல்ல, எங்கள் தொலைபேசி உரையாடல் யார் யார் காலமானார்கள் என்ற விபரமாகச் சுருங்கிவிட்டிருந்தது.

இப்போது பேசுவதற்கு வேறு விடயம் இருக்கிறது. மனதில் தோன்றிய வழியைச் சொற்களாக்கி அவனுக்கு உணர்த்த வேண்டும். அவன் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை அவன் எனக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, விடை தெரிந்த பின்னும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. உடனே சொல்லிவிட்டால் அவன் என் ஏவலாள் ஆகிவிடுவான், கூட்டாளியாக இருக்கமாட்டான்.

இந்தப் பாடம் எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றறியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவோம்; ரைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர் வானொலியைத் திருகித் தமிழோசையைப் பிடிப்போம். சுற்றும் கை தளர்ந்தால் செய்தி பாதியில் அறுந்துபோகும். ஒருவர் மட்டும் செய்தி கேட்பது அன்று இயலாத காரியம்.

விளையாட்டில் கிளாடோஸ் என்றொரு கணினிக் குரல் உண்டு. ஒருவரைப் புகழ்ந்து, மற்றவரை மட்டந்தட்டி, இருவரையும் பிரித்துவிட அது ஓயாது முயலும். இருவரும் சிரிப்போம். அத்தகைய குரல்களை எங்கள் தலைமுறை நிறையவே கேட்டிருக்கிறது.

இன்னொரு சலுகையும் அங்கே உண்டு. நொறுங்கிய இயந்திரம் மறுகணமே பொருத்தப்பட்டுத் திரும்பிவரும். "மச்சான், வந்திட்டன்" என்பான் அவன். யாரும் காலமாவதில்லை.

இன்னும் சில அறைகளே மீதமுள்ளன. அவற்றை முடிப்பதில் எங்கள் இருவருக்கும் அவசரமில்லை.