முடியாது என்பதா, கூடாது என்பதா?

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

"முடியாது" என்று சொல்லாத மனிதர் உலகில் இல்லை. ஆனால் அதை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. அந்த வேறுபாட்டைச் சற்று நின்று நோக்கினால், மொழியைப் பற்றி மட்டுமன்றி வாழ்க்கையைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

முதலில் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். 'கேன் நாட்' என்னும் ஒரே சொல் அங்கே மூன்று வேலை பார்க்கிறது. "இந்தப் பாறையை என்னால் தூக்க முடியாது" என்பதற்கும் அதுதான். "இங்கே புகை பிடிக்கக் கூடாது" என்பதற்கும் அதுதான். "அவன் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது" என்னும் ஊகத்துக்கும் அதுதான். இடம் பார்த்துத்தான் பொருள் காண வேண்டும்.

அடுத்து ருஷ்யம். அது நமக்கு அவ்வளவு தொலைவான மொழி அன்று. 1988-இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே எழுந்தது கூடங்குளம் அணுமின் நிலையம். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை அச்சன்புதூரும் கூடங்குளமும் ஒரே நெல்லை மாவட்டம்தான். அங்கே ஒப்பந்த வேலைக்குப் போய்வந்த என் மாமா, ருஷ்யப் பொறியாளர்களிடம் கேட்ட சொற்கள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'ஸ்பஸீபா' என்றால் நன்றி. 'நில்ஸ்யா' என்றால் கூடாது. பிறகு ஒரு ருஷ்ய இலக்கண நூலைப் புரட்டியபோது, 'நில்ஸ்யா'வுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று கண்டேன்.

திறத்தல் என்பதற்கு ருஷ்யத்தில் இரண்டு வினைகள். 'அத்கிரிவாத்' திறக்கும் செயலை நோக்கியது. 'அத்கிரீத்' திறந்து முடித்தலை நோக்கியது. கதவைக் காட்டி 'நில்ஸ்யா அத்கிரிவாத்' என்றால் திறக்கக் கூடாது. 'நில்ஸ்யா அத்கிரீத்' என்றால் திறக்க முடியாது. முதற் கதவில் காவலாளி நிற்கிறான்; இரண்டாவதில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது!

நம் தமிழோ இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்களையே வைத்திருக்கிறது. 'முடியாது' என்பதன் வேர் முடிதல். தொடங்கலாம், ஆனால் நிறைவேறாது என்பது கருத்து. ருஷ்யன் வினையில் காட்டும் நிறைவைத் தமிழன் சொல்லின் வேரிலேயே வைத்துவிட்டான்! 'கூடாது' இன்று தடையைக் குறிக்கிறது. ஆயினும் 'கூடுமானவரை', 'மழை வரக் கூடும்' என்னும்போது அதே வேர் இயலும் தன்மையைத்தான் சொல்கிறது. எங்கள் ஆச்சி, "படி ஏற ஏலமாட்டேங்கு" என்பாள். அது அவள் முட்டியின் உண்மை. அதில் விதியும் இல்லை, தடையும் இல்லை.

அறிவியலுக்கும் தனியாக ஒரு 'முடியாது' உண்டு. அளவு குறிக்காத நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பாகமாக்கும் பொதுவழி இல்லை என்று 1837-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்ட்ஸெல் நிறுவினார். பலர் முயன்று தோற்றதனால் சொன்ன 'முடியாது' அன்று அது. நிறுவிச் சொன்ன 'முடியாது'. அதற்கு நாம் தலைவணங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் சொல்லப்படும் 'முடியாது'களை யார் நிறுவினார்கள்?

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவள். "தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வர முடியாது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டாண்டு கழித்து அதே பஸ்ஸில்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அக்காவிடம் அவர்கள் சொன்ன சொல் 'முடியாது'. அதன் பொருளோ 'கூடாது'. தமிழில் இரண்டு சொற்கள் இருந்தும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டோம். 'கூடாது' என்றிருந்தால் அவள் "ஏன்?" என்று கேட்டிருப்பாள். 'முடியாது' என்றதால் பேசாமல் இருந்துவிட்டாள்.

நண்பர்களே, இனி யாரேனும் "முடியாது" என்றால், அது பூட்டா, காவலாளியா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பூட்டு என்றால் சாவி தேடலாம். காவலாளி என்றால் அவனிடம் பேசலாம்.

சென்ற மாதம் அக்கா என்னிடம், "தொலைதூரக் கல்விக்கு விண்ணப்பம் எப்போது கொடுப்பாங்க?" என்று விசாரித்தாள். படிக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை.