பெர்ணம் ஆற்றங்கரையில் ஒரு டென்மார்க்

சிலாங்கூர் மாநிலத்தின் வடக்கு எல்லை ஊர் சபாக். கிள்ளானிலிருந்து கூட்டரசுச் சாலை 5-ஐப் பிடித்தால் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று வரிசையாக வந்து, கடைசியில் சபாக் வரும். ஊரைத் தாண்டினால் பெர்ணம் ஆறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பேராக்.

செகிஞ்சான் பக்கமெல்லாம் நெல்வயல், அந்த வயல்களுக்குப் பாயும் தண்ணீரும் பெர்ணம் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோனதுதான். வடக்கே வரவர நெல் குறைந்து தென்னையும் செம்பனையும் சூழ்ந்துகொள்கின்றன. சபாக் வட்டாரத்தில் ஜாவாக்காரர்களே அதிகம். பஞ்சார்காரர், சீனர், தமிழர் என எல்லோரும் கலந்த ஊர் என்பதால் சந்தையில் தெம்பேயும் முருங்கைக்கீரையும் அடுத்தடுத்து விற்கும்.

நிலம் தாழ்ந்த சதுப்பு. கரை கட்டி, கால்வாய் வெட்டி, கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டால்தான் இங்கே எதுவும் விளையும். அந்த மண்வெட்டி வேலையில் தமிழர்களுக்கும் பங்குண்டு.

ஆற்றுக்கு அக்கரையில் இதே சதுப்பை நம்பி வந்தவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர். சயாம் நாட்டில் பொறியாளராக இருந்தவர். கென்யாவில் தாம் நடத்திய காப்பித் தோட்டத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற காரென் பிலிக்சனுக்குத் தாய்மாமன். 1906-இல் இவர் தொடங்கிய ஜெண்டாராட்டா ரப்பர் கம்பெனிதான் பின்னாளில் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் ஆனது. வெள்ளைக்காரத் துரை என்றாலே ஆங்கிலேயர் என்றிருந்த காலத்தில் இங்கே டேனிஷ் பேசும் துரைமார்கள் இருந்தார்கள். தோட்டத்துக்கென்று மருத்துவமனை, ஆயாக்கொட்டகை, வயதானவர்களுக்கு ஓர் இல்லம், ரொட்டி சுட ஒரு டேனிஷ் பேக்கரி எல்லாம் உண்டு. நிலையான செம்பனை எண்ணெய்க்கான ஆர்எஸ்பிஓ சான்றிதழை 2008-இல் உலகிலேயே முதலில் பெற்றதும் இந்தக் கம்பெனிதான்.

வேலை மட்டும் இரு கரையிலும் ஒன்றே. விடிவதற்குள் பெரட்டு எனும் ஆள்கணக்கு. பிறகு நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போக வேண்டும். குலை பழுத்ததா என்று அண்ணாந்து பார்ப்பதைவிட அடிமரத்தைப் பார்ப்பதுதான் சுருக்கு வழி: உதிரிப்பழம் விழுந்து கிடந்தால் வெட்டலாம். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். அக்கரையில் குலைகளை ஏற்றிப் போக, தோட்டத்துக்குள்ளேயே சிறிய தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துரைமார்களின் நாடான டென்மார்க்கில் முதியோர் உதவிச் சட்டம் 1891-லேயே வந்துவிட்டது. கூலியைத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி முடிப்பார்கள். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் இன்றும் அங்கே கிடையாது. நம் தோட்டங்களிலும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமான மாப்பாவும் உட்கார்ந்து பேசித்தான் கூலியை முடிவு செய்துவந்தார்கள். பேச்சுமுறை ஒன்றாக இருந்தும் இங்கே நாள் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று அரசாங்கமே குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டி வந்தது. 2025-இல் அது 1,700 ஆனது.

டென்மார்க்கில் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் பின்னால் வரியும் சட்டமும் நிற்கின்றன; வேலை போனாலும் குடிமகனுக்கு அவை போவதில்லை. மலேசியத் தோட்டங்களில் பொதுவாக லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வயதாகி வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எவ்வளவு நல்ல தோட்டமானாலும் அங்கே கிடைக்கும் வசதிகள் வேலைக்காரருக்குத்தான், ஊர்க்காரருக்கு அல்ல.

இந்தக் கணக்கு புரிந்த குடும்பங்கள், சேமநிதிப் பணத்தை எடுத்துத் தாமான் எனப்படும் குடியிருப்பில் சின்ன வீடாவது வாங்கிப் போட்டன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போக, லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் குடியேறினார்கள். போனவர்கள் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் தவறாமல் வருகிறார்கள். தோட்டத்துக் கோயிலுக்கு வரி கொடுக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

ஒரு பணக்கார நாட்டின் வசதிகளை ஒரு கம்பெனி கப்பலேற்றிக் கொண்டுவர முடியும் என்பதற்கு அக்கரை சாட்சி. அந்த வசதிகளை உரிமையாக்குவது மட்டும் கம்பெனியால் ஆகாது, அரசாங்கத்தால்தான் ஆகும் என்பதற்குச் சபாக்கில் சொந்தப் பட்டாவுக்காக ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்தவர்கள் சாட்சி.