எண்பது ஷில்லிங்

எடின்பரோவில் நான் குடியிருந்த வீட்டுக்காரர், சமையலறையிலேயே பீர் காய்ச்சுவார். பயப்படாதீர்கள்... பிரிட்டனில் 1963 முதல் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் காய்ச்சுவது ‘எய்ட்டி ஷில்லிங்’. 19-ம் நூற்றாண்டில் பீப்பாய் என்ன விலையோ, அதுவே பேராகிவிட்டது. முளைகட்டி உலர்த்திய பார்லியின் தித்திப்புதான் இதில் பிரதானம். கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை, நாம் ரசத்தில் பெருங்காயம் போடுகிற மாதிரி கொஞ்சமாகத்தான் போடுவார். அப்பா சொல்லிக்கொடுத்த பக்குவம்.

அந்த அப்பா இப்போது முதியோர் இல்லத்தில். ஞாபகம் போய்விட்டது. மகனையே, “நீங்க யாரு?” என்கிறார்.

ஒருமுறை வீட்டுக்காரருக்கு விபரீத ஆசை. அமெரிக்காவின் ‘கேஸ்கேட்’ ஹாப்ஸ் வாங்கிவந்து, ஒரு மணி நேரக் கொதியின் கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு பிடி போட்டார். ஆரம்பத்திலேயே போட்டால் கசப்புதான் இறங்கும். இறக்குகிற நேரத்தில் போட்டால்தான் வாசனை தங்கும். வீடெல்லாம் பம்ப்ளிமாஸ் தோல் மணம்!

ஒரு மாசம் கழித்து, இல்லத்தில் அனுமதி வாங்கி, பெரியவருக்கு அரை கிளாஸ் கொடுத்தோம். ஒரு வாய் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது நம்ம வீட்டுது இல்லையே!”

வீட்டுக்காரர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில், “அடுத்த தடவை பழையபடியே காய்ச்சணும்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “இல்லே... இதையேதான் காய்ச்சணும். அவர் இன்னொரு தரம் அப்படிச் சொல்லணும்.”