அக்கா கொடுத்த பல்பு!

"என்னக்கா இது, தென்னங்கன்னா?"

அக்கா தங்கியிருந்த ரூம் வாசலில் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீங்க. விசிறி மடிப்பு மாதிரி கோடு கோடாக, நீள நீளமாக இலைகள்.

"போடா லூசு, ஆர்க்கிட்!"

நான் நம்பவில்லை. ஆர்க்கிட்டுன்னா ஊட்டி, ஏற்காடுன்னு குளுகுளு பார்ட்டி ஆச்சே! ஒரகடம் வெயிலில், லாரிப் புழுதியில் அதுக்கு என்ன வேலை?

அக்காவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் வேலை. ஒரே ரூமில் நாலு பேர். விடிகாலையில் கம்பெனி பஸ். அந்தச் சம்பளத்தில்தான் என் காலேஜ் ஃபீஸ். அவள் தனக்காக வாங்கிய ஒரே ஆடம்பரம், ரோட்டோர நர்சரியில் 150 ரூபாய்க்கு அந்தச் செடி.

திடீரென ஒருநாள், "கான்ட்ராக்ட் முடிஞ்சுது, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்" என்றுவிட்டார்கள். ஒரு பை, ஒரு பக்கெட்டோடு ஊருக்கு பஸ் ஏறும்போது தொட்டியை என் கையில் கொடுத்தாள். "பத்திரமா பார்த்துக்கடா."

பார்த்துக்கிட்டேன் பாருங்க... பெரிய பெயின்ட் டப்பாவுக்கு மாற்றி, ஏரி வண்டலைக் கொட்டி, காலையும் ராத்திரியும் தண்ணி ஊத்தினேன். டப்பாவில் ஓட்டை போடணும்னுகூட தோணலை. மூணே வாரம். இலை மஞ்சளாகி, அடியில் நாற்றம்.

போன் பண்ணினேன். சிரித்தாள். "செடிக்கும் ஓவர்டைம் கொடுத்தியா? அடியில குமிழ் குமிழா இருக்கும். அதான் பல்பு. அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா உசுரு இருக்கு."

அஞ்சில் நாலு கூழ். ஒண்ணு மட்டும் கெட்டி.

அப்போதான் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, மூணு அரியர் இருக்கு. காலேஜை விட்டுட்டு நானும் லைன்ல சேர்ந்துடறேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முதல்ல அந்தப் பல்பை நடு. அது பூக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்."

அதுக்கப்புறம்தான் செடியைப் பற்றியே படித்தேன். பேரு, ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா. பிளிகேட்டான்னா மடிப்பு மடிப்பானதுன்னு அர்த்தம். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் இல்லை, மண்ணிலேயே வேர்விடும் தரை ஆர்க்கிட். 1883-ல் இந்தோனேஷியாவின் கிரகட்டாவ் எரிமலை வெடித்து, தீவு முழுக்கச் சாம்பலானது. அடுத்த 15 வருஷத்துக்குள் அங்கே வந்து முளைத்த ஆர்க்கிட்களில் இதுவும் ஒண்ணு! தூசி மாதிரி விதை, காற்றில் பறந்து வந்து இறங்கியிருக்கு. சாம்பலில் பிழைத்ததை நான் பாசத்தில் கொன்றிருக்கேன்.

நீங்க வளர்க்கப் போறீங்களா? நான் வாங்கிய பல்பை நீங்களும் வாங்காம இருக்க, இதைக் கேளுங்க.

தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மட்கிய எரு. கூடவே தண்ணி வடிய கரித்துண்டு, செங்கல் உடைசல். களிமண் வேண்டாம். பல்பை முழுசா புதைக்காதீங்க, பாதி வெளியே தெரியணும். காலை வெயில் நல்லது. மத்தியான வெயிலுக்கு லேசான நிழல் போதும். முழு நிழலில் வெச்சா இலை வரும், பூ வராது. மேல்மண் காய ஆரம்பிச்ச பிறகு தண்ணி. போர் தண்ணி உப்பா இருந்தா, மழைத் தண்ணி பிடிச்சு அப்பப்ப ஊத்துங்க. ரெண்டு மூணு வருஷத்தில் தொட்டி நிறைஞ்சதும், ரெண்டு மூணு பல்பு சேர்ந்த கொத்தாகப் பிரிச்சு நடலாம். ஒத்தைப் பல்போட ஆரம்பிச்சது என் தலையெழுத்து!

ஒரு ரிக்வெஸ்ட். நம்ம சமவெளிப் புதர்க்காடுகளிலும் யூலோஃபியா மாதிரி தரை ஆர்க்கிட்கள் உண்டு. அதைத் தோண்டி எடுத்துட்டு வராதீங்க. அதுங்க விதை முளைக்க அந்த மண்ணில் இருக்கும் பூஞ்சையின் தயவு வேணும். நர்சரி செடியே போதும்.

என் பல்பு ஒன்றரை மாசம் சும்மா கிடந்தது. தோண்டிப் பார்க்கத் துடித்த கையை அடக்க, புத்தகத்தை எடுத்தேன். நிஜமாத்தான்! அப்புறம் பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு பச்சை முளை. அடுத்த செமஸ்டரில் ரெண்டு அரியர் காலி.

பத்தாவது மாசம், ஹாஸ்டல் மாடியில் நீளமான தண்டின் உச்சியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து முதல் பூ. பின்னாலேயே வரிசையில் மொட்டுகள். உடனே போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இப்போ அவள் ஊர்ப்பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டீ பிரேக்கில் பதில் வந்தது.

"சூப்பர்டா. அந்த மூணாவது அரியர்?"

நவம்பர்ல எழுதறேன்க்கா.