கிரைண்டர்

பேரைப் பாத்துட்டு ஏதோ வெட் கிரைண்டர் விமர்சனம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். கிரைண்டர் எங்க வீட்டுப் பூனை. மடியில ஏறி உக்காந்தா கர்ர்ர்னு மாவாட்டுற சத்தம் வரும், அதான் அந்தப் பேரு.

2020 லாக்டவுன்ல பெங்களூர் ரூமைக் காலி பண்ணிட்டு மயிலாடுதுறை வீட்டுத் திண்ணையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தப்ப வந்தான். செம்பட்டை கலர், அரை வால். லேப்டாப் சூடா இருக்கும்ல, நேரா கீபோர்டு மேலயே படுத்துப்பான். ஒருதடவை மேனேஜருக்கு ஒரு வரி முழுக்க அரைப்புள்ளியா அனுப்பிட்டான். அவர் "ஓகே, நோட்டட்"னு பதில் போட்டார். நான் ஒழுங்கா எழுதுற மெயிலுக்குக் கூட அவ்ளோ சீக்கிரம் பதில் வந்ததில்ல :)

அம்மாவுக்கு முதல்ல பூனையே ஆகாது. "வீட்டுக்குள்ள விட்டே, உனக்கு சோறு கிடையாது"ன்னாங்க. ரெண்டே மாசம். மீன்காரம்மா குரல் தெருமுனையில கேட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா வாசலுக்கு ஓடுவாங்க. நெத்திலி ஆயுறப்ப தலையெல்லாம் அவனுக்கு, கொஞ்சம் உடம்பும் சேத்து.

2022-ல ஆபீஸ் கூப்பிட்டுச்சு, நான் பெங்களூர் திரும்பிட்டேன். தினமும் போன்ல முதல் அஞ்சு நிமிஷம் அவன் புராணம்தான்.

2023-ல ஒரு வியாழக்கிழமை ராத்திரி. ரிலீஸ் நேரம், ஒரே களேபரம். அம்மா போன். "எங்கயோ சண்டை போட்டுட்டு வந்திருக்கான்டா. காதெல்லாம் அனலா கொதிக்குது. சாப்பிடவும் மாட்டேங்குறான்." நான் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே, "நீ போடுற பாராசிட்டமால்ல பாதியைப் பொடிச்சுக் குடும்மா, அப்புறம் பேசறேன்"னு கட் பண்ணிட்டேன். இருபது செகண்ட் கூட பேசல.

அம்மா பாலைக் கலந்து ஸ்பூன்ல ஊட்டி விட்டிருக்காங்க. காலையில மூஞ்சி உப்பிப்போச்சு, ஈறு பழுப்பாயிடுச்சு, மூச்சு வாங்குது. பாம்பு கடிச்சிருக்குமோன்னு அப்பா கூடையில வச்சு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனார். போற வழியிலயே முடிஞ்சிடுச்சு. கொல்லையில முருங்கை மரத்தடியில புதைச்சாங்க. நான் சனிக்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன்.

ஆறு மாசம் கழிச்சு, பூனை வளர்க்குற ஆபீஸ் தோழிகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். மாத்திரைன்னதும் அவ முகம் மாறிடுச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன். நம்ம ஈரல் பாராசிட்டமாலைப் பக்குவம் பண்ணி வெளிய அனுப்பிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யுற நொதி ரொம்பக் கம்மி. மருந்து உள்ளயே விஷமா மாறி, ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் பண்ணிடும். ஈறு பழுப்பானது, மூஞ்சி வீங்குனது எல்லாம் அப்படியே போட்டிருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரையில பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதுமாம். உடனே டாக்டர்கிட்ட போனா அசிட்டைல்சிஸ்டீன்னு மாத்து மருந்து இருக்கு. உடனே போனா. நாங்க ராத்திரி பூரா காய்ச்சல் இறங்கும்னு காத்துக்கிட்டு இருந்தோம்.

வீட்ல யாருக்கும் இதை நான் சொல்லல. போன பொங்கலுக்குப் போனப்போ அம்மா இட்லி வச்சுக்கிட்டே திடீர்னு கேட்டாங்க. "பாதிதானே குடுத்தேன்... முழுசாக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பானோடா?"

மாத்திரை குடுக்கச் சொன்னது நான்தாங்கறது அவங்களுக்கு ஞாபகமே இல்ல போல.

"அதெல்லாம் ஒண்ணுமில்லமா. அவனுக்கு ஏற்கெனவே முத்திடுச்சு"ன்னு தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசாம இன்னொரு இட்லி வச்சாங்க.