தழும்பில்லாத நோயாளி

வைத்தியசாலையிலிருந்து மீண்ட எம்மைக் காண வந்தோர் முதலில் தேடியது தழும்பைத்தான். இருதய அடைப்பு நீக்கியவருக்கு நெஞ்சிலே ஒரு சாண் தையலாவது இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நாமோ வலது மணிக்கட்டில் ஊசி குத்திய தடத்தைக் காட்டினோம். "இவ்வளவுதானா?" என்ற பெரிய மச்சானின் குரலில் ஏமாற்றமே மிகுந்திருந்தது.

1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் அந்திரேயஸ் குருன்ட்சிக் என்னும் வைத்தியர், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இருதய நாடிக்குள் சிறு பலூனைச் செலுத்தி, அதனை விரித்து அடைப்பை விலக்கினார். அவர் தொடை வழியே செய்ததை இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியே செய்கின்றனர். நாடி மீண்டும் சுருங்காதிருக்க உலோக வலைக்குழாய் ஒன்றையும் உள்ளே விட்டுவிடுகின்றனர். நாமும் விழித்தே கிடந்தோம். பலூன் விரிந்த சில கணங்கள் நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருந்தது, அவ்வளவே. மறுநாள் வீடு வந்து சேர்ந்தோம்.

இந்த எளிமையிலேதான் ஆபத்தும் இருக்கின்றது. நாடியின் உட்படலம் அவ்வலையின்மேல் படர்ந்து மூடச் சில மாதங்கள் செல்லும். அதுவரை குருதி அங்கே உறையப் பார்க்கும். அஸ்பிரின், குளோபிடோகிரெல் என்னும் இரு குளிசைகளே அதனைத் தடுத்து நிற்பவை. எமக்கு ஓராண்டு என்று விதித்த வைத்தியர், பல் பிடுங்குவதற்காயினும் தம்மைக் கேளாது நிறுத்தலாகாது, நிறுத்தினால் குழாய் திடீரென அடைபடக்கூடும் என்று இருமுறை எச்சரித்தார்.

பெரிய மச்சானோ, "சுகம் வந்தபிறகு குளிசை எதற்கு? உள்ளியை அவித்துத் தின்னும்," என்றார். எம் இல்லாள் மறுத்துப் பேசவில்லை. தேநீரோடு குளிசையையும் கொணர்ந்து, அவர் கண்முன்னே எம்மை விழுங்கச் செய்தார்.

பகலில் உள்ள துணிவு இரவில் இருப்பதில்லை. இடப்புறம் சிறிது குத்தினால், வாயுவோ வேறெதுவோ என்று மனம் பதறும். நாவின்கீழ் வைக்கும் குளிசை தலையணை அருகே இருக்கின்றதா என்று கை தடவிப் பார்க்கும். பக்கத்தில் உறங்குபவர் உண்மையில் உறங்கவில்லை என்பதையும் அறிவோம்.

முதற்கிழமை கிணற்று வாளியைத் தொட விடவில்லை. படலை வரைதான் நடை. இரண்டாம் கிழமை ஒழுங்கை முடிவு வரை சென்றோம். மூன்றாம் கிழமை தனியே வாசிகசாலை வரை போய், பத்திரிகையும் பார்த்துத் திரும்பினோம். படலையைத் திறக்கையில்தான் கண்டோம், இல்லாள் குடையும் கையுமாய்ச் சற்றுத் தொலைவில் பின்னே வந்துகொண்டிருப்பதை.