தேடினால் கிடைக்க வேண்டும்

எல்கடுவவில் மழை பிடித்தால் மின்சாரம் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. அப்படியொரு மழை நாளில்தான் அந்த அம்மா எங்கள் அறைக்கு வந்தார். 1977 வன்செயலின் பின் பெற்றோருடன் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனவர் அவர். 2009இல் யுத்தம் முடிந்தபோது மூத்த மகன் காணாமற்போயிருந்தான். முகாமிலிருந்து வெளியே வந்ததும், உறவினரைத் தேடி மீண்டும் இந்த லயத்துக்கே வந்து சேர்ந்தார்.

"மிஸ், நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் சொல்லச் சொல்ல நீங்க டைப் பண்ணுனீங்களே, அதுல ஒரு காப்பி வேணும்" என்றார்.

கணனியில் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தேன். ஒரு மணித்தியாலம் ஆகியும் கிடைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த அவர், "பரவாயில்ல மிஸ். திரும்பவும் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முகாமில் சொன்னார். 2013இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவிடம் சொன்னார். 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்திடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மகனைப் புதிதாக இழக்கிறார். இப்போது என் கவலையீனத்துக்காகவும் ஒரு தடவை சொல்ல வேண்டுமா? சமூகவியல் படிப்பு எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்தது. பெற்ற பதிலைப் பத்திரமாக வைத்திருக்கக் கற்றுத்தரவில்லை.

மறுநாள் கோப்பு தேடும் இலவச மென்பொருட்களைத் தேடினேன். சகோதரிகளே, உங்கள் நிலையத்திலோ, பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய வீட்டுக் கணனியிலோ இதே சிக்கல் இருக்கலாம். ஆகவே நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நினைவில் இருப்பது கோப்பின் பெயரா, உள்ளே எழுதிய விடயமா?

பெயர் என்றால் 'எவ்ரிதிங்' போதும். அது வட்டிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே வாசித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்துத் தட்டும்போதே விடை வந்து நிற்கும். பழைய கணனிக்கும் பாரமில்லை. ஆனால் நான் அந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளே எழுதியதைத் தேட விண்டோஸிலேயே வசதி உண்டு. ஆயினும் அமைப்பை மாற்றாவிட்டால், தேடற்பட்டியலில் சேர்க்கப்பட்ட இடங்களில்தான் அது உள்ளடக்கத்தைப் பார்க்கும். 'டொக்ஃபெச்சர்' நாம் காட்டும் கோப்புறையை ஒரு தடவை வாசித்துப் பட்டியலிட்டு, பிறகு விரைவாகத் தேடித்தரும். 'ஏஜென்ட் ரான்சாக்' பட்டியல் ஏதும் போடாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும். ஆறுதலாகத்தான் தேடும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

இதில் எங்களுக்கே உரிய தடை ஒன்று இருக்கிறது: பாமினி எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. யுனிகோட்டில் 'கிளிநொச்சி' என்று தேடினால் பாமினிக் கோப்பு அகப்படாது. எனக்கும் முதலில் அப்படித்தான் நடந்தது. பிறகு ஏஜென்ட் ரான்சாக்கின் தேடற்பெட்டியில், விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, பாமினியில் 'கிளிநொச்சி' எழுத எந்த விசைகளை அழுத்துவேனோ அவற்றையே அழுத்தினேன். பெட்டியில் அர்த்தமில்லாத ஆங்கிலம் தெரிந்தது. ஆனால் கோப்பு கிடைத்துவிட்டது! 'புதிய கடிதம் 3' என்ற பெயரில், வேறொரு வேலைத்திட்டத்தின் கோப்புறைக்குள் கிடந்தது.

ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழும் முறைப்பாட்டுத் துண்டும் வெறும் படங்கள். மேலே சொன்ன கருவிகளால் அவற்றின் உள்ளே எழுதியிருப்பதை வாசிக்க முடியாது. அவற்றுக்குப் பெயர்தான் ஒரே வழி. இப்போது நான் குடும்பப் பெயர், ஊர், ஆவண வகை, ஆண்டு என்ற ஒழுங்கில் பெயரிடுகிறேன். ஒரே பெண் ஓர் ஆவணத்தில் லெட்சுமி, இன்னொன்றில் லச்சுமி, மற்றொன்றில் லக்ஷ்மி. ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்து, மற்றவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கோப்பின் பெயரில் போடாதீர்கள். அது எவர் கண்ணிலும் படும்.

இன்னொரு விடயம். எளிதாகத் தேடித்தரும் கருவி உங்களுக்கு மட்டும் தேடித்தராது. அந்தக் கதிரையில் அமரும் எவருக்கும் தேடித்தரும். ஆகவே கணனிக்குக் கடவுச்சொல் கட்டாயம். கோப்புகள் வெளியே போகின்றனவா என்பதையும் பாருங்கள். 2006இல் கூகுள் டெஸ்க்டொப்பில் வந்த ஒரு வசதி, பல கணனிகளிலும் தேடுவதற்காகக் கோப்புகளின் பிரதியைக் கூகுளின் கணனிகளில் வைத்தது. அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த மென்பொருளே 2011இல் நிறுத்தப்பட்டது. எங்கள் பெண்களின் வாக்குமூலங்கள் எங்கள் அறையைத் தாண்டக் கூடாது. இணைப்பே இல்லாத கணனியிலும் வேலை செய்யும் கருவியையே தெரிவுசெய்தேன். எதையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்; வேறிடங்களில் வேண்டாத மென்பொருளும் சேர்ந்து வரும்.

முடிவில் இரண்டை வைத்துக்கொண்டேன்: பெயருக்கு எவ்ரிதிங், உள்ளடக்கத்துக்கு ஏஜென்ட் ரான்சாக். இரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தபோது இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதவர், என்றாலும் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எங்க மிஸ் அவன் பேரு இருக்கு?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

அன்று அவர் எதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.